மூக்கு ஓடாது, ஒழுகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மாணவர் இணைப்பின் ஆங்கிலப் பகுதியில் ஒரு வரி: "ரன் என்றால் ஓடு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்." எட்டாவது படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். அதற்குக் கீழே, சளி பிடித்த பையனைப் பற்றிய ஒரு வாக்கியத்துக்கு அவள் எழுதிய தமிழ், 'அவன் மூக்கு ஓடுகிறது.' ஒழுகுகிறது என்று எழுதம்மா என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்றாள். உங்கள் பேப்பருக்கு எதிரே என் பேச்சு எடுபடுமா?

அகராதிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல் 430 பொருளோடு முதலிடத்தில் இருந்ததும், பின்னால் திருத்தும்போது 'ரன்' 645 பொருளோடு அதை முந்தியதும் நீங்கள் அறிந்ததே. அந்த ஒரு சொல்லைத் தொகுத்தவருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கெட்டிக்காரர்தான்.

எனக்கும் பள்ளிக்கூடத்தில் 'ரன் என்றால் ஓடு' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நம்பி 1982-ல் கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மேஜை விரிப்புகள் அனுப்பியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து டெலக்ஸ் வந்தது. முதல் வரியே சிவப்பு 'ரன்' ஆகிறது என்று. நான் முதலாளியிடம் போய், "சிவப்பு ஓடுதாம்ங்க" என்றேன். ஜவுளிக்காரரிடம் சரக்கு ஓடுகிறது என்றால் அவர் என்ன நினைப்பார்? முகமெல்லாம் சிரிப்பு. அன்று சாயங்காலமே இன்னொரு லாட் நூலைச் சிவப்புச் சாயத்துக்கு அனுப்பிவிட்டார். துவைத்தால் சாயம் போகிறது, பக்கத்து வெள்ளைக் கட்டத்தில் இறங்குகிறது என்று அந்த மனிதர்கள் புலம்பியிருந்தது மேனேஜர் ஊரிலிருந்து திரும்பி வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. சம்பளத்தில் பிடிக்கவில்லை, பெரிய மனசு. ஆனால் நான் வேலையை விடும்வரை அங்கே என் பெயர் 'சிவப்பு'.

தமிழிலும் ஓடு ஒன்றா என்ன? பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது (ஓடினால்). இதுவரை இரண்டு மொழியும் சேர்ந்தே ஓடும். ஆனால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, சர்க்கரை வியாதி பரம்பரையாக வருகிறது, தம்பி கடை நடத்துகிறான் என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் அதே 'ரன்'தான். நாம் அங்கெல்லாம் ஓடுவதில்லை.

2024-ல் அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று வந்தபோதே எழுதினேன். அமெரிக்கர்கள் ஓடட்டும்; பிரிட்டனில் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள், நம் ஊரிலும் அப்படியே என்று விளக்கியிருந்தேன். பிரசுரமாகவில்லை. அதற்கு முன்னால் பஸ் நேரத்தைப் பற்றி எழுதியது பிரசுரமானது, பாதியாக. அதில் கரூரைக் கடலூர் ஆக்கியிருந்தீர்கள். கடலூர்க்காரர்கள் இல்லாத பஸ்ஸைத் தேடியிருப்பார்கள். மாணவர் இணைப்பும் எட்டுப் பக்கத்திலிருந்து நான்காகச் சுருங்கிவிட்டது. அதில் இரண்டு கல்லூரி விளம்பரம். இருக்கட்டும், உங்களுக்கும் செலவு இருக்கிறது.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அடுத்த செவ்வாய் இணைப்பில், விளம்பரங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஏதாவது ஓரத்தில், 'ரன்' வரும் ஐந்தாறு வாக்கியங்களைத் தமிழோடு போடுங்கள். மூக்கு அதில் ஒன்றாக இருக்கட்டும். பேத்தி நோட்டில் பழைய துண்டுக்கு மேலேயே ஒட்டிக்கொள்வாள்.

இப்படிக்கு,
பழைய வாசகர்,
கரூர் (கடலூர் அல்ல)