ஆற்றையும் சேர்த்துக்கொண்ட ஆண்டு: எண்ணூர்க் குடியிருப்போர் சங்கத்தின் 2024 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அறிக்கை வழக்கமாகத் தெருவிளக்கில் தொடங்கும். இம்முறை நம் ஊரில் கடலைச் சேரும் கொசஸ்தலையாற்றில் தொடங்குகிறேன். 2024 பிறந்தபோது நாம் இருந்த நிலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து, ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் முழுவதும் பரவியது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரம் வரை கறுப்புக் கோடு விழுந்தது. மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்து இளைஞர்கள் பிளாஸ்டிக் குவளையால் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் நிரப்பினார்கள். கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் கரையில் நின்றன. அந்தப் பிசுக்கு காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குக் கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடியவர்களில் பலர் இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கிறீர்கள்.

எனவே ஆண்டின் முதல் மூன்று மாதங்களும் நிவாரணப் பணியிலேயே கழிந்தன. அரசு அறிவித்த தொகை 8.68 கோடி ரூபாய். வாழ்வாதாரம் இழந்த 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்குத் தலா 7,500, சேதமடைந்த 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்பது அதன் கணக்கு. படகு வைத்திருப்பவரின் பெயர் பட்டியலில் எளிதாக ஏறிவிடுகிறது. படகே இல்லாமல் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பவர் எந்தப் பட்டியலில் வருவார்? கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கும் பெண்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள், குடும்ப அட்டை வேறு முகவரியில் உள்ளவர்கள் என்று விடுபட்டவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மனு எழுதிக் கொடுத்தோம். சிலருக்குத் தொகை கிடைத்தது. கிடைக்காதவர்களின் மனு நகல்கள் இன்னும் என் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பை மூட எனக்கு மனம் வரவில்லை.

பணம் கிடைத்தவர்களுக்கும் தொழில் உடனே திரும்பவில்லை. எண்ணூர் மீன் என்றாலே சந்தையில் கூடையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த அவமானத்துக்கு நிவாரணப் பட்டியலில் இடமே இல்லை.

இந்தப் பணிகளுக்கிடையே செயற்குழு ஒரு முடிவெடுத்தது. அதுவே இந்த ஆண்டின் முக்கியமான செயல் என்று நான் கருதுகிறேன். இனி எந்த மனுவாக இருந்தாலும், எந்தத் தீர்மானமாக இருந்தாலும், ‘இதனால் ஆற்றுக்கு என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு விடை எழுதிய பிறகே அனுப்புவது என்பதுதான் அந்த முடிவு. குடியிருப்போர் சங்கத்துக்கு ஆற்றோடு என்ன வேலை, அது மீனவர் பிரச்சினை அல்லவா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மழைநீர் வடிகாலைக் காட்டி அதற்கு விடை சொல்கிறேன்.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில் 3,220 கோடி ரூபாயில் மழைநீர் வடிகால் பணி நடக்கிறது. நம் தெருக்களில் பள்ளம் தோண்டியது அதற்காகத்தான். வடிகால் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மனு எழுதியவர்கள் நாம், ஆகவே பணியை மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்த நீர் கடைசியில் போய்ச் சேருவது கழிமுகத்தில். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் படிந்துவிட்டன. ஆளுயரத்துக்கு மேல் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் நனைய நடக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்து நிற்கும்போது, ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரிநீர் திறக்கப்பட்டு, அதே நேரத்தில் கடலும் ஏற்றத்தில் இருந்தால் வடிகால் எத்தனை அகலமாக இருந்து என்ன பயன்? உள்ளே போன தண்ணீர் அதே வழியில் நம் வாசலுக்குத் திரும்பி வரும். முகத்துவாரம் திறந்திருப்பது மீனவருக்குப் பிழைப்பு, நமக்குத் தரைத்தளத்தில் வெள்ளம் ஏறாத பாதுகாப்பு. இதை மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறோம். இரண்டு இடங்களிலிருந்தும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வந்திருக்கிறது.

புதிதாகக் குடிவந்த உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நம் ஊர் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1948-இல் இங்கே மோட்டார் தொழிற்சாலை வந்தது. 1970 முதல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஐந்து அலகுகளில் 450 மெகாவாட் திறனோடு இயங்கிய அது 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 2001-இல் துறைமுகம் திறக்கப்பட்டது. 2011-இல் கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். ஆலைச் சங்கை நம்பி உலை வைத்த வீடுகள் இவை. அந்த நன்றி நமக்கு உண்டு.

நன்றி இருப்பதால்தான் டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பு நமக்குள் கடும் விவாதம் நடந்தது. பழைய அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்கம் குறித்த கூட்டம் அது. மகனுக்கு வேலை கிடைக்கும் என்று நம்பும் தந்தையும், மகளுக்கு மூச்சிரைப்பு என்று அழும் தாயும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். மூன்று மாலைகள் பேசினோம். இறுதியில் பெரும்பான்மை முடிவுப்படி, ஏற்கெனவே இத்தனை ஆலைகள் சூழ்ந்த இடத்தில் குடியிருப்புக்கு நடுவே இன்னொரு நிலக்கரி நிலையம் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தோம். உடன்படாத உறுப்பினர்களின் கருத்தும் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. அவர்களும் இன்று வந்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அமோனியா இரவின் தொடர்ச்சியாகக் கோடையில் இரண்டு பயிற்சிகள் நடத்தினோம். அன்று பலர் காற்று போகும் திசையிலேயே ஓடினார்கள், வாயுவும் அவர்களுடனேயே வந்தது. காற்றுக்குக் குறுக்கே விலக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் செய்து காட்டினார்கள். முதியவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் அழைத்துச் செல்லும் பொறுப்பு தெருவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பு ஒன்றை மொட்டைமாடியில் கட்டியிருக்கிறோம். எச்சரிக்கைச் சங்கு மட்டும் இன்னும் வரவில்லை. ஊரைக் கேட்டு அனுமதி பெறாத குழாய், கசியும்போதாவது ஊருக்குச் சொல்ல வேண்டாமா?

கழிமுகத்தில் காக்கா ஆழி பெருகிவருவதையும் பதிவு செய்கிறேன். தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தச் சிப்பி அடித்தரையில் கம்பளம் போலப் படர்கிறது. அது படர்ந்த இடத்தில் இறால் தங்குவதில்லை, காலில் கீறினால் புண் எளிதில் ஆறுவதில்லை. இதை அகற்றக் கோரி மீனவக் கிராமங்கள் எழுப்பிய குரலோடு நம் சங்கமும் கையெழுத்திட்டது.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை முதலமைச்சர் மார்ச் 14 அன்று 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கி வைத்தார். நம் பகுதிக்கு நூலகமும் விளையாட்டுத் திடலும் கேட்டிருக்கிறோம். கூடவே ஆற்றங்கரையில் அலையாத்திச் செடிகள் நடவும், கரையில் கொட்டப்படும் கட்டட இடிபாடுகளைத் தடுக்கவும் கேட்டிருக்கிறோம்.

கண்டெய்னர் லாரிகள் பள்ளி நேரத்தில் சாலையோரம் நிற்பது ஓரளவு குறைந்திருக்கிறது. தெருவிளக்குப் புகார்கள் பெரும்பாலும் தீர்ந்தன. மாலைநேரப் பாடவகுப்பு தொடர்கிறது, அதற்குக் கணித ஆசிரியர் ஒருவர் தேவை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் மாதம் ஒருமுறை, வெள்ளுவா எனும் முழுநிலவு நாளில், கழிமுகத்தின் ஆழத்தையும் நீரின் நிறத்தையும் ஒரே இடத்தில் நின்று அளந்து குறிப்பேட்டில் எழுதச் செயற்குழு விரும்புகிறது. படகு தருவதாகக் காட்டுக்குப்பத்து நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். உடன் வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்