நான்காம் தரமா, நான்காம் கிரேடா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாள்களுக்கு முன் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'நான்காம் தர ரப்பர் விலை உயர்வு' என்று ஒரு செய்தி வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு உடனே போன் செய்தாள். "அப்பா, நாம இத்தனை வருஷமா நாலாந்தரச் சரக்கா வித்துட்டு இருக்கோம்?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கே அப்படித் தோன்றுகிறதே!

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வாங்கும் எந்தக் கடையிலும் நீங்கள் பார்க்கலாம். கடைக்காரர் ரப்பர் ஷீட்டைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். உள்ளே குமிழ் இருக்கிறதா, மரப்பட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா, புகை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'நாலு' என்பார், இல்லையென்றால் 'அஞ்சு' என்பார். அந்த நாலுதான் ஆர்.எஸ்.எஸ். 4. ஆர்.எஸ்.எஸ். என்றால் 'ரிப்டு ஸ்மோக்டு ஷீட்', அதாவது வரி போட்டுப் புகையூட்டிய ஷீட். அதற்கு 1எக்ஸ், பிறகு 1 முதல் 5 வரை என்று ஆறு கிரேடுகள் உண்டு. நம் நாட்டுச் சந்தையில் பெரும்பாலும் புழங்குவதும், டயர் கம்பெனிகள் அதிகம் வாங்கும் ஷீட்டும் இந்த நாலாம் கிரேடுதான். கோட்டயம் சந்தை விலை என்று ரப்பர் வாரியம் சொல்லும் விலைகளிலும் அது உண்டு. விடியும் முன்னே பால் வெட்டி, ஆசிட் சேர்த்து உறைய வைத்து, மெஷினில் அடித்து, புகைப்புரையில் நாள்கணக்கில் போட்டுத் தேன் நிறத்தில் எடுக்கிற ஷீட்டை 'நான்காந்தரம்' என்றால் எப்படி? தமிழில் நாலாந்தரம் என்பது வசைச்சொல் அல்லவா?

அதே பக்கத்தின் கீழே இன்னொரு செய்தி: 'இரண்டாம் தரக் காவலர் பணிக்குத் தேர்வு'. இது அதைவிட மோசம். அரசாணைகளில் 'இரண்டாம் நிலைக் காவலர்' என்றுதான் இருக்கிறது. அது பணியில் சேரும் படி; அனுபவம் ஏற ஏற முதல் நிலை, தலைமைக் காவலர் என்று மேலே போவார்கள். பேரூராட்சிகளுக்கும் அப்படித்தான், இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று வருமானத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவை எல்லாமே கிரேடு. யாரோ யோசித்து 'நிலை' என்ற சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை அது. அதை நாமே கெடுக்கலாமா?

தரம் என்ற சொல்லே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. என் தாத்தா தன்னை 'ஏழாம் தரம் படிச்சவன்' என்றுதான் சொல்வார். மலையாளத்தில் வகுப்புக்கு அதுதான் பேச்சு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் பள்ளி வகுப்பைத் 'தரம் 5' என்றே எழுதுகிறார்கள். அங்கே யாருக்கும் அது குறையாகப் படாது. நம் ஊர்த் தமிழிலோ எண்ணோடு தரத்தைச் சேர்த்தால் மட்டம் தட்டுவதாகிவிடுகிறது. என் பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம்தான் காவலர் வேலையில் சேர்ந்தான். ஊரில் முதல் ஆள். அவன் அம்மா இந்தச் செய்தியைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்?

அதனால் ஒரு வேண்டுகோள். ரப்பர் விலை போடும்போது 'ஆர்.எஸ்.எஸ். 4' என்றோ 'நாலாம் கிரேடு' என்றோ கடையில் சொல்வதுபோலவே போடுங்கள். எங்கள் எல்லாருக்கும் புரியும். மனிதர்களைப் பற்றி எழுதும்போது 'நிலை' என்றே எழுதுங்கள். முடிந்தால் அந்த இரண்டு செய்திகளுக்கும் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். என் மகளுக்கு அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.