ஹோம் ஒஃபிஸ் வேலைக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உனக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். "அரசாங்க வேலை, பென்ஷன் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அகதி வழக்குகளில் பிரிட்டிஷ் உள்துறையான ஹோம் ஒஃபிஸ் பக்கம் நின்று, அப்பீல்களைக் கேட்கிற ட்ரிபியூனலில் வாதாடுகிற வேலை என்று ஒருவருக்கும் விளக்கவில்லை. "அப்பாவுக்குக் கோபமோ?" என்று நீ அவளிடம் கேட்டாயாம்.

கோபம் இல்லை, பிள்ளை. அந்தக் கதிரையில் யாரோ ஒருவர் இருக்கத்தான் போகிறார். நாட்டுக்குள் யார் இருக்கலாம் என்று தீர்மானிக்கிற உரிமை ஒரு நாட்டுக்கு இல்லை என்று சொல்கிறவனும் இல்லை நான். எல்லாக் கேஸும் உண்மைக் கேஸ் என்றும் சொல்ல மாட்டேன். லண்டன் டூட்டிங்கில் சொலிசிட்டர் கந்தோரில் இருந்து பண்டில், அதாவது வழக்குக் கடதாசிக் கட்டு, கட்டினவனுக்கு அது தெரியாதா? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே கதையைப் பத்துப் பேருக்கு எழுதிக்கொடுத்துக் காசு வாங்கின ஆட்களையும் எனக்குத் தெரியும். அவர்களால் கெட்டது உண்மையாக அடிபட்டு வந்தவனுடைய கேஸ்.

போனில் கதைத்தால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று விட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சியில் உங்களுக்குச் சிவகுமாரன் வழக்கைக் கட்டாயம் சொல்லித் தருவார்கள். 1987 டிசம்பரில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு. பயம் அகதியின் மனதில் மட்டும் இருந்தால் போதாது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் அதற்குக் காரணம் தெரிய வேண்டும் என்றார்கள். அதே நேரம், ஆபத்து வந்தே தீரும் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வருவதற்கு நியாயமான அளவு சாத்தியம் இருந்தால் போதும் என்று நீதிபதி கீத் பிரபு எழுதினார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள். வகுப்பில் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த வழக்கில் இருந்த ஆறு பேரும் எங்கட பெடியள். நல்ல வரியை உலகத்துக்குக் கொடுத்த அந்தத் தீர்ப்பில் அவர்கள் தோற்றார்கள். வடக்கில் நடப்பது புலிகளுக்கு எதிரான இராணுவ நடவடிக்கை, தமிழர் என்பதற்காக யாரையும் துன்புறுத்தவில்லை என்று அப்போதைய உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் எடுத்த நிலைப்பாடு நின்றது. 1988 பெப்ரவரியில் அவர்களில் ஐந்து பேரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். விசா இல்லாமல் வந்திறங்கி, விமான நிலையத்திலேயே நிராகரிக்கப்பட்டவர் நாட்டை விட்டுப் போன பிறகுதான் அப்பீல் செய்யலாம் என்பது அன்றைய சட்டம். எங்கே இருக்கப் பயந்து ஓடி வந்தாயோ, அங்கேயே திரும்பிப் போய் இருந்துகொண்டு, "எனக்கு இங்கே பயம்" என்று லண்டனுக்கு எழுத வேண்டும்!

அவர்களின் சட்டத்தரணிகள் விடவில்லை. அப்பீலை விசாரித்த தீர்ப்பாளர் 1989 மார்ச்சில் சொன்னது இதுதான்: ஐந்து பேருக்கும் பயப்பட நியாயமான காரணம் இருந்தது, அவர்களைத் திருப்பிக் கூட்டி வர வேண்டும். ஹோம் ஒஃபிஸ் அதையும் எதிர்த்துப் பார்த்துத் தோற்றது. அந்த ஆண்டு ஒக்டோபரில் அவர்கள் லண்டனுக்குத் திரும்பினார்கள். ஒன்றரை வருடத்துக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாக அவர்களில் மூன்று பேர் சொன்னார்கள். அது வில்வராஜா வழக்காக ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1991-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அங்கேயும் பிரிட்டன்தான் வென்றது. இவர்களுக்கு இப்படி நடக்கும் என்று அனுப்பும்போது அமைச்சர் முன்கூட்டியே காணக்கூடிய தனி அடையாளம் எதுவும் இல்லை என்றது நீதிமன்றம்.

அதாவது சரியான முடிவு ஒன்று இருந்தது. அது ஆளை அனுப்பிய பிறகு வந்தது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கேட்டுவிட்டு அனுப்புவதா, அனுப்பிவிட்டுக் கேட்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் எவ்வளவு நல்ல வரி இருந்தாலும், அதைக் கேட்க வேண்டியவன் விமானத்தில் ஏறிவிட்டால் அந்த வரி அவனுக்கு எதற்கு?

1993-இல் சட்டம் மாறியது. தஞ்சம் கேட்டு நிராகரிக்கப்பட்டவர் இங்கே இருந்தபடியே அப்பீல் செய்யலாம் என்றானது. நீ வாதாடப் போகிற ட்ரிபியூனலில் எங்கட ஆட்கள் வந்து நிற்க முடிவதே அதனால்தான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், அந்தக் கதவை ஒரு அங்குலம் ஒரு அங்குலமாகச் சாத்தத்தான் பார்க்கிறார்கள்.

2002 சட்டத்தில், "தெளிவாகவே ஆதாரமற்றது" என்று ஹோம் ஒஃபிஸ் முத்திரை குத்தினால் இங்கிருந்து அப்பீல் இல்லை என்று வைத்தார்கள். கூடவே பாதுகாப்பான நாடுகள் என்று ஒரு பட்டியல். சமாதான காலம் என்று நம்பி 2003-இல் இலங்கையையும் அதில் சேர்த்தார்கள். சண்டை மறுபடி மூண்டு, 2006 டிசம்பரில்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் வந்தவர்கள் கேஸ் அடிபட்டால் எப்படித் தவித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஹோம் ஒஃபிஸில் சைன் வைக்கப் போகிற நாளில் மாற்று உடுப்பும் மருந்தும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவார்கள், அப்படியே பிடித்து டிடென்ஷனுக்குக் கொண்டுபோனால் என்று.

தடுப்பில் வைத்தே அவசர அவசரமாக அப்பீலை முடிக்கிற ஏற்பாடு ஒன்றும் இருந்தது. லோயர் பிடிக்க, மருத்துவ அறிக்கை எடுக்க நேரமே இராது. 2015-இல் அப்பீல் நீதிமன்றம் அதன் அமைப்பிலேயே நியாயம் இல்லை என்று தூக்கி எறிந்தது. அதற்கு முந்திய ஆண்டுச் சட்டத்தில், குற்றம் செய்த வெளிநாட்டவரை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு அப்பீலைக் கேட்கலாம் என்று வைத்திருந்தார்கள். அதை எதிர்த்து வந்த இரண்டு பேரும் போதைப்பொருள் குற்றவாளிகள், ஒருவர் கென்யா, மற்றவர் ஜமேக்கா. அவர்களுக்காக யாரும் அழப்போவதில்லை. ஆனாலும் 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. வெளிநாட்டில் இருந்துகொண்டு லோயரோடு கதைக்கவும், ஆதாரம் சேர்க்கவும், நீதிபதிக்கு முன் வாய்மொழியாகச் சாட்சி சொல்லவும் வழி இல்லாவிட்டால் அது அப்பீலே இல்லை என்று வில்சன் பிரபு எழுதினார். வேறெதையும் வாசிக்காவிட்டாலும் அந்தத் தீர்ப்பை வாசி.

பிறகு வீடியோ வசதி இருக்கிறது என்று சொல்லி அதே திட்டத்தைத் தூசிதட்டி எடுத்தார்கள். இப்படி முதலில் அனுப்பக்கூடிய நாடுகளின் பட்டியல் 2025 ஓகஸ்டில் 8-இலிருந்து 23 ஆனது. இந்தியா உள்ளே இருக்கிறது, இலங்கை இல்லை. இது குற்றவாளிகளுக்குத்தான், அகதிகளுக்கு இல்லை என்பாய். சரி, இப்போதைக்கு அப்படித்தான். அதே ஆண்டு நவம்பரில் உள்துறை அமைச்சராக ஷபானா மஹ்மூத் அறிவித்த திட்டத்தில் அகதி அந்தஸ்தே 30 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, நிரந்தர வதிவிடத்துக்கு 20 வருடம், அப்பீலுக்குப் புதிதாக ஒரு அமைப்பு, அதிலும் ஒரே ஒரு அப்பீல் என்று இருந்தது. நீ பென்ஷன் எடுப்பதற்குள் இன்னும் எத்தனை மாறுமோ.

அமெரிக்காவில் இன்னும் மோசம். எல்லையைத் தாண்டி 25 யார் தூரத்தில் பிடிபட்ட எங்கட விவசாயி ஒருவர், தன் பயத்தை அதிகாரி சரியாக விசாரிக்கவில்லை, அதை ஒரு நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். 2020-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டாக, அந்த உரிமை உனக்கு இல்லை என்றது. அவருடைய கேஸ் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே அந்த நீதிமன்றம் வரவில்லை.

இனி உன் மேசைக்கு வருகிற ஃபைலைப் பற்றி. முதலில் ஸ்கிரீனிங் இன்டர்வியூவைப் புரட்டுவாய். "ஏன் வந்தீர்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், விவரமெல்லாம் பிறகு கேட்போம்" என்பார்கள். வந்திறங்கின களைப்பில், முன்பின் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஆணாக இருக்க, ஒரு பெண் "ஆமி பிடித்தது, பயம்" என்று மட்டும் சொல்லியிருப்பாள். மாதங்கள் கழித்துப் பெரிய இன்டர்வியூவில் முகாமில் நடந்ததைச் சொல்லுவாள். நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு பந்தி இருக்கும்: இவ்வளவு முக்கியமான விஷயத்தை முதலில் ஏன் சொல்லவில்லை, ஆகவே இது பிறகு சோடித்தது. அந்தப் பந்தியை நான் எத்தனையோ பண்டில்களில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னதும் நீங்கள், சுருக்கமாகச் சொன்னதற்குப் பிழை பிடிப்பதும் நீங்கள். அந்தக் கேள்வியைக் குறுக்கு விசாரணையில் நீயும் கேட்பாயா என்று எனக்கு அறிய ஆசை.

கே.வி. என்ற எழுத்துகளால் அழைக்கப்படுகிற எங்கட ஆள் ஒருவரின் வழக்கும் இருக்கிறது. முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். அவரே கேட்டு யாரோ சுட்டிருக்கலாம், விசா எடுக்கச் செய்த வேலை என்றது எதிர்த்தரப்பு. மருத்துவரின் விரிவான அறிக்கை இருந்தும் ட்ரிபியூனல் நம்பவில்லை, அப்பீல் நீதிமன்றமும் பெரும்பான்மையாக நம்பவில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. தஞ்சத்துக்காகத் தன் உடம்பைத் தானே சுட வைக்கிறவன் மிக மிக அரிது, அந்த உண்மைக்கு உரிய கனத்தைக் கொடு என்றது. அவர் வந்தது 2011-இல். எட்டு வருடம் இங்கேயே இருக்க முடிந்ததால்தான் அந்தத் தீர்ப்பு அவருக்குப் பயன்பட்டது.

2022 சட்டத்துக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூன் 28 முதல் வந்த விண்ணப்பங்களில், முதல் படியாக, பயம் இருக்கிறதா என்பதையும் அதற்கான காரணத்தையும் இருக்கிறது என்பதே இல்லை என்பதைவிடக் கூடுதல் சாத்தியம் என்ற அளவுக்கு நிரூபிக்க வேண்டும். கீத் பிரபுவின் வரி ஆபத்தை அளக்கிற இரண்டாம் படிக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உனக்கு இது வசதி. கிளிநொச்சியில் கடதாசி எல்லாம் எரிந்துபோனவனுக்கு இது மலை.

வேலையை விடு என்று நான் கேட்கவில்லை. உன் பக்கத்திலும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. ஒரு விஷயத்தில் எதிர்த்தரப்புச் சொல்வது சரி என்று கண்டால், மேலதிகாரியிடம் கேட்டு அதை ஏற்றுக்கொள்ளலாம். முடிவு பிழை என்றால் அதைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதலாம். அப்படிச் செய்த அதிகாரிகள் எங்கள் கேஸ்களில் இருந்திருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தைய நாள் பின்னேரம் போன் எடுத்து, "மருத்துவ அறிக்கையை நாங்கள் எதிர்க்கவில்லை" என்று சொன்னவரின் குரல் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பண்டிலை முழுக்க வாசித்தவர்களால்தான் அப்படிச் சொல்ல முடியும். காலை பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் நின்று ஃபைலைத் திறக்கிறவருக்கு நிராகரிப்புக் கடிதத்தைத் திருப்பி ஒப்புவிக்கத்தான் முடியும். ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் தலையில் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தைய இரவே கேட்டு வாங்கு.

"தெளிவாகவே ஆதாரமற்றது" என்று முத்திரை குத்தின ஃபைல் உன் கண்ணில் பட்டால் மற்றதை வைத்துவிட்டு அதை முதலில் பார். அதற்குப் பிறகு பார்க்க ட்ரிபியூனல் இல்லை.

வில்வராஜா தீர்ப்பை எடுக்கும்போது கடைசிப் பக்கங்களையும் சேர்த்து எடு, அந்த இரண்டு நீதிபதிகளின் மாற்றுக் கருத்து அங்கேதான் இருக்கிறது. மான்செஸ்டர் குளிருக்கு அம்மா ஏதோ பின்னி வைத்திருக்கிறாளாம், நிறம் உனக்குப் பிடிக்காது, போட்டுக்கொள். முதல் கேஸ் முடிந்ததும் வெற்றியோ தோல்வியோ எனக்குப் போன் எடு. பெயர், ஊர் ஒன்றும் வேண்டாம். அந்த ஆள் வாய் திறந்து முழுவதையும் சொல்ல முடிந்ததா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா