நத்தார் அன்று மிஷனரி ஐயா, அம்மாவுடன்: பெயர் தரவும்

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் எங்களோடு இருக்கும் மிஷனரி ஐயாவும் அம்மாவும் இம்முறை நத்தாருக்கு ரொறன்ரோ போகவில்லை, பிள்ளைகளும் வரவில்லை. காலை ஆராதனைக்கு ஆட்கள் இருப்பார்கள். நாங்கள் வீடு திரும்பிய பிறகு வரும் பின்னேரம்தான் வயதானவர்களுக்குப் பாரம். அதனால் 25ஆம் திகதி மாலை 4 மணிக்கு அவர்கள் வீட்டில் கூடுவோம்.

1. பிள்ளைகளுடனான வீடியோ அழைப்பு இரவு 7.30க்கு. அங்கே காலை 9 மணி. கோடையில் வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். நவம்பரில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பதால் இப்போது பத்தரை. பழைய கணக்கில் எடுத்தால் ஒரு மணித்தியாலம் முந்திவிடும்.

2. மாரி மழைக்குக் கரண்ட் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். முழுச் சார்ஜில் இரண்டு போன், வேறு வேறு நெட்வேர்க் சிம், டேட்டாவுடன் வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் மேசையில் நிமிர்த்தி வையுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும், யன்னல் பின்னால் வேண்டாம்.

3. அழைப்பு நேரத்தில் நாங்கள் முற்றத்தில் நிற்போம். அது குடும்பத்தின் நேரம்.

4. இடியப்பம், சொதி, உறைப்புக் குறைந்த கோழிக்கறி. கேக் ஒன்று போதும். அம்மாவுக்குப் பயத்தம் பணியாரம் விருப்பம், நான்கைந்து காணும்.

5. நுளம்புத்திரி, குடை கொண்டு வாருங்கள். தெருவில் வெள்ளம் நின்றால் ஓட்டோ உள்ளே வராது, பிரதான வீதியில் இறங்கி நடக்க வேண்டிவரும்.

சமையல், போன், ஓட்டோ: எதற்கு வருகிறீர்கள் என்று 20ஆம் திகதிக்குள் இங்கேயே எழுதுங்கள்.