வேலையை விடப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாகவே இருந்தேன். பத்திரிகை வேலையை விட்டுவிட்டு மருத்துவம் பற்றி ஒரு புத்தகம் எழுதப்போகிறேன், ஒரு வருடம் போதும் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வருடத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டதால் பொதுவில் எழுதுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரெபெக்கா ஸ்க்லூட்டை எடுத்துக்கொள். 1951-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் இறந்துபோன ஹென்ரியெட்டா லாக்ஸிடம் கேட்காமலே எடுத்த செல்கள் இன்னும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன, அந்தக் கதையை எழுத ஸ்க்லூட்டுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. குடும்பத்தினர் முதலில் பேசவே தயாராக இல்லை. ஏன் பேச வேண்டும், வந்தவர்கள் எல்லாம் எதையாவது எடுத்துக்கொண்டு போனவர்கள்தானே? 2010-ல் புத்தகம் வந்தபோது ஹென்ரியெட்டாவின் மகள் டெபோரா உயிரோடு இல்லை, முந்தைய வருடமே போய்விட்டார்.

சரி, காலம் ஆகட்டும். எனக்கு உறுத்தியது வேறு. உன் மெயிலில் ஒரு டாக்டர் வருகிறார். தவறு முழுக்க அவர் தலையில், கதை அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது.

ராண்டி ஷில்ட்ஸ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். சான்ஃபிரான்சிஸ்கோவில் நாளிதழ் நிருபர், எய்ட்ஸை அரசாங்கம் கண்டுகொள்ளாமல் விட்டதைத் தோண்டி 1987-ல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தவர். தனக்கு எடுத்த பரிசோதனையின் முடிவைப் புத்தகம் முடியும்வரை சொல்லாதீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு எழுதினார். முடிவு பாசிட்டிவ், 1994-ல் அதே நோயில் 42 வயதில் இறந்தார். அப்படிப்பட்ட உழைப்பாளிதான் சறுக்கினார். நோயாளிகளுக்குள் இருந்த தொடர்பைக் காட்டிய ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதற்காக ஒருவருக்கு ஆங்கில எழுத்து 'ஓ' போட்டிருந்தார்கள், அது போகப்போகப் பூஜ்யமாகிவிட்டது. அந்த மனிதர் கனடாவைச் சேர்ந்த விமானப் பணியாளர் கெய்டன் டூகா. ஷில்ட்ஸ் அவருடைய பெயரையே போட்டு எழுதினார். விமர்சனம் எழுதக்கூடப் பத்திரிகைகள் முன்வராததால், பதிப்பாளர் தரப்பும் இந்த 'பேஷன்ட் ஜீரோ'வை, அதாவது நோயைத் தொடங்கிவைத்த முதல் நோயாளி என்ற கதையைத்தான் விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவுக்கே நோயைக் கொண்டுவந்தவன் என்ற பழி அவர்மேல் விழுந்தது. அவர் 1984-லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆள் இல்லை. பழைய ரத்த மாதிரிகளில் வைரஸின் மரபணுவைப் படித்து, தொற்று அவரிடமிருந்து தொடங்கவில்லை என்று ஆய்வாளர்கள் காட்டியது 2016-ல்.

என் கதையும் உண்டு, சின்னது. ஒரு மரணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "ராத்திரி முழுக்க டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை" என்று வீட்டார் அழுதுகொண்டே சொன்னார்கள், நானும் நம்பி ஒரு அத்தியாயத்தையே எழுதி முடித்துவிட்டேன், நல்ல காரமாக வந்திருந்தது. அப்புறம்தான் கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்தது. டாக்டர் எழுதியது இரண்டு வரி, அதுவும் கோழி கிறுக்கல். ஆனால் பின்னால் நர்ஸ் குறிப்புகள் நிமிடக் கணக்கோடு இருந்தன. 2:10-க்கு டாக்டர் வந்து பார்த்தார், 3:40-க்கு மறுபடி வந்தார். இரண்டு தடவையும் வீட்டார் ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான். அத்தியாயம் குப்பைக்குப் போனது. (இன்றைக்கும் அதில் இரண்டு பத்தி மனப்பாடமாகச் சொல்வேன், அவ்வளவு ஆசை.)

வேலையை இப்போதைக்கு விடாதே. மாதச் சம்பளம் இருந்தால்தான் ஒருவர் கதவைத் திறக்கும்வரை காத்திருக்க முடியும், முன்பணம் தீர்ந்துவிட்டால் கிடைத்ததை வைத்து முடித்துவிடத் தோன்றும்.

முதல் அத்தியாயத்தை அனுப்பு, நோயாளியின் பெயரை அடித்துவிட்டு. வீட்டார், வக்கீல், பக்கத்துப் படுக்கைக்காரர் என்று பதினோரு பேரிடம் பேசியதாக எழுதியிருந்தாய். அந்த டாக்டரிடம் பேசினாயா? பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டேன், அவர் அதில் இல்லை.

அன்புடன்,
அண்ணன்