தரங்கம்பாடி மாலை நடை: பெற்றோர் கவனத்திற்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். இப்பருவத்தில் நம் மாணவர்கள் படிப்பிலும் விளையாட்டிலும் கலைப் போட்டிகளிலும் பள்ளிக்கு நற்பெயர் தேடித் தந்துள்ளனர். தேர்வு முடிவுகளும் மனநிறைவு அளிக்கின்றன.

ஒன்பதாம் வகுப்பினர் தரங்கம்பாடியில் மேற்கொண்ட மாலை நேரப் புகைப்பட நடை குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலில் தொடங்கி, வெயில் முதுகில் விழக் கடலை நோக்கி நடந்த மாணவர்கள், 1718-இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தையும், தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் கட்டிய கோட்டையையும், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்ட மாசிலாமணிநாதர் கோயிலையும் படமெடுத்தனர். சாய்ந்த வெயிலில் கோட்டைச் சுவரின் காரை வெடிப்புகள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும்படி ஒரு மாணவி எடுத்த படம், வரலாற்று வகுப்பில் மாட்டிவைக்கத் தக்கது.

கட்டடங்களை எடுத்ததில் குறையேதும் இல்லை. அவ்வீதிகளில் குடியிருப்பவர்களைக் கேளாமல் எடுத்ததுதான் சிக்கல். குழுவுக்கு ஒரு கேமராவைப் பள்ளியே வழங்கும், கைப்பேசி வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்திருந்தோம். இருட்டிய பின் திரும்பும் பிள்ளையிடம் கைப்பேசி இருக்கட்டும் என்று நீங்கள் கருதியிருக்கலாம். அந்தக் கவலை எங்களுக்கும் புரிகிறது. ஆயினும், திண்ணையில் அமர்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவரின் படம், சினிமாப் பாட்டுச் சேர்க்கப்பட்டு, அன்றிரவே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வலம்வந்தது. அதன்கீழ்ச் சிரிப்புக் குறிகளை இட்டவர்கள் மாணவர்கள் அல்லர் என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

அவருடைய மகன் பள்ளிக்கு நேரில் வந்து, தம் தாயாரை வேடிக்கைப் பொருளாக்கியது ஏன் என்று கேட்டார். எம்மிடம் பதில் இல்லை. ஆகவே, அப்படத்தையும் அதுபோன்ற பிற படங்களையும் வெள்ளிக்கிழமைக்குள் அனைவரும் அழித்துவிட வேண்டும். வேறெங்கேனும் பகிர்ந்திருந்தால் அங்கிருந்தும் நீக்க வேண்டும். அடுத்த நடையில் கைப்பேசியுடன் வரும் மாணவர் பேருந்தில் ஏற்றப்படமாட்டார். இதில் விலக்கு எவருக்கும் இல்லை.

பேருந்து திரும்பும் நேரத்தையும் உடன்செல்லும் ஆசிரியர்களின் எண்களையும் இனிமேல் முதல் நாளே அனுப்பிவைப்போம். மனிதர்களைப் படமெடுக்க விரும்பும் மாணவர்கள், முதலில் வணக்கம் சொல்லி அனுமதி பெறவும், எடுத்ததை அவர்களிடமே காட்டவும் வகுப்பில் பயிற்சி அளிக்கப்படும்.

விடுமுறை நாளென்றும் பாராமல் உடன்வந்து, குடிநீரும் சுண்டலும் ஏற்பாடு செய்த பெற்றோருக்கும், விவரம் அறிந்தவுடன் தாமாகவே படத்தை நீக்கிவிட்டுத் தகவல் தந்தவர்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்