மாப்பிள்ளை ஃபீல்டில் இருக்கும்போது

அன்புள்ள கண்ணு,

நேற்று குழந்தை அழுததில் போன் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன். பட்டாளத்து மாப்பிள்ளை, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் லடாக் போய்ச் சேர்ந்துவிட்டார், செகந்திராபாத் குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்வதா, மாமியார் வீட்டுக்குப் போவதா, இங்கே காங்கேயத்துக்கு வருவதா என்று கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. "எல்லாரும் என்ன சொல்றீங்களோ அதும்மா" என்று முடித்தாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "எல்லாருன்னா ஆரு?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

நீ அவரைக் கச்சாயம் சுட்டுத் தருகிற கிழவியாகவே பார்த்து வளர்ந்தவள். கல்யாணம் ஆனபோது அவருக்கு 18 வயது. அவர் புருஷன், உன் தாத்தா, அப்பாரு 1962 சீனா சண்டைக்கு அப்புறம் ஆள் எடுத்தபோது மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர். வெலிங்டனில் டிரெய்னிங் முடிந்து வடக்கே போனவர் லீவுக்கு லீவு வருவார், போவார். குவார்ட்டர்ஸ் என்றால் எப்படி இருக்கும் என்றே அப்பத்தாவுக்குத் தெரியாது. மாமனார், மாமியார், கட்டிக்கொடுக்க வேண்டிய நாத்தனார்கள், எருமைகள், இதுதான் அவருடைய பட்டாளம்.

அப்பாரு போடும் இன்லண்ட் லெட்டரைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பாராம். பெண்டாட்டிக்கென்று ஒரு வரி எழுத மனுஷனுக்குத் தைரியம் வருமா? உங்கப்பா ஒண்ணாவது சேர்ந்த வருஷம், அந்தப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் அப்பத்தா எழுத்துக் கூட்டப் பழகினார். அது 1971. டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி டாக்காவில் சரணடையும் வரை அப்பாருவிடமிருந்து ஒரு கடுதாசியும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு வந்த கடிதத்தைத் தபால்காரர் கையிலிருந்து வாங்கி, மாட்டுக் கொட்டாயில் நின்று தானே படித்தார். "நலம். எருமை கன்று போட்டதா?" அவ்வளவுதான் எழுதியிருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எழுத்து வந்ததும் மணியார்டர் அவர் பேருக்கே வர ஆரம்பித்தது. மாமனாரோடு சண்டை போட்டெல்லாம் வாங்கவில்லை. கணக்கு நோட்டு ஒன்று போட்டு, வந்தது இன்னது, போனது இன்னது என்று வாரா வாரம் அவருக்குப் படித்துக் காட்டினாராம். கண்ணபுரம் சந்தையில் ஒரு ஜோடி காளைக் கன்றை விற்று, சேர்த்த பணத்தையும் போட்டு, மாடு மேய்க்கிற மூன்று ஏக்கர் கொரங்காடு வாங்கினார். கிரயம் முடிந்த பிறகுதான் அப்பாருவுக்கு எழுதினார். "ஆரைக் கேட்டு வாங்கினாய்?" என்று பதில் வந்தது. "நீங்க ஆரைக் கேட்டுப் பட்டாளத்துக்குப் போனீங்க?" என்று இவர் திருப்பி எழுதினார். அந்தக் கடிதத்தை அப்பாரு பாரக்கில் எல்லாருக்கும் காட்டிவிட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். நீ விளையாடிய வெள்வேல மரம் நிற்கிற இடம் அந்தக் காடுதான்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம், 1987 அக்டோபரில், இலங்கையில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அந்த இந்தியப் படையில் உங்கப்பா யாழ்ப்பாணத்தில். குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே, "நம்ம சனத்தையே சுடப் போயிருக்கானுக" என்றாள். எனக்கும் அந்தச் சனத்தை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்தது, இவரை நினைத்தாலும் எரிந்தது. எந்தப் பக்கத்துக்கு அழுவது என்று தெரியாமல் நின்றேன். அப்பத்தா, "அவன் கேட்டா போனான்? அனுப்புனாங்க, போயிருக்கான். நீ கொடத்தை எடு" என்று மட்டும் சொன்னார். தந்தி வந்தால் வீட்டில் தராதே, எந்தக் காட்டில் இருந்தாலும் என் கையில் கொண்டு வந்து கொடு என்று தபால்காரரிடம் அவர் சொல்லி வைத்திருந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை ஆனால் சிவன்மலை முருகன் கோயிலுக்கு ஏறி, பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவார். என்ன பார்த்தீங்க என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை. பேப்பரில் படித்துவிட்டு உங்கப்பா ஒன்றும் பேசவில்லை. அப்பத்தா கருப்பராயன் கோயிலில் கிடா வெட்டினார். குழாயடியில் பேசினவளையும் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டு, பந்தியில் அவள் இலைக்கு இரண்டாம் தடவை தானே கறி போட்டார். நானாக இருந்தால் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டேன், இப்போதும் மாட்டேன்.

அப்பாரு போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அவர் பட்ட பாடுதான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. ரேஷன் கார்டில் 'ஆத்தாள்' என்று முடிகிற பேர், ரெக்கார்டில் 'அம்மாள்' என்று ஏறியிருந்தது. ஒரு ஆபீஸில் அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு போய், "ரெண்டு பேரும் நாந்தானுங்க, எழுதற வரைக்கும் இங்கியே உக்காந்துக்கறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நோட்டரி அஃபிடவிட், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் கொடுத்து அடுத்த வருஷம்தான் ஆர்டர் வந்தது. இப்போதும் நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்கு அழைத்துப் போனால், பால் கறந்து கறந்து தேய்ந்த கட்டைவிரலில் ரேகை விழாது. போன வருஷம் இ-சேவைப் பையன் விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் செல்போனில் முகத்தைப் படம் பிடித்துப் பதிந்தான். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்றானா, "இந்த வயசுல உன்னைப் பாத்தாடா சிமிட்டோணும்?" என்றார். வரிசையே சிரித்தது.

சரி, உன் விஷயம். குழந்தை பேர் பார்ட் டூ ஆர்டரில், அதாவது குடும்ப விவரத்தைப் பட்டாளத்து ரெக்கார்டில் ஏற்றுகிற உத்தரவில், ஏறிவிட்டதா என்று மாப்பிள்ளையிடம் கேள். குரூப் இன்ஷூரன்ஸ் நாமினி கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்தது அப்படியே இருக்கிறதா, மாற்றியாயிற்றா பார். ஆதாரில், பான் கார்டில், அவருடைய ரெக்கார்டில் உன் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் இப்போதே திருத்து. இதையெல்லாம் கேட்டால் அபசகுனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

வீட்டைப் பற்றி என்னைக் கேட்டால் குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம். ஆஸ்பத்திரி பக்கம், உன்னைப் போலவே தனியாக இருக்கிற பெண்டுகள் நாலு பேர் உண்டு. எத்தனை மாசம் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று யூனிட்டில் விசாரி. இது என் யோசனை மட்டும்தான். முடிவை நீ எடுத்துவிட்டு, உன் மாமியாருக்கு நீயே போன் பண்ணிச் சொல். நானோ உங்கப்பாவோ நடுவில் பேச மாட்டோம்.

அப்பத்தா கச்சாயம் சுட்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார். ஒன்று உனக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு 56 ஏ.பி.ஓ. என்கிற பட்டாளத் தபால் விலாசத்தில். அவர் யூனிட் விலாசத்தை முழுதாக எழுதி வாட்ஸப்பில் அனுப்பு. திங்கட்கிழமை உங்கப்பா போஸ்ட் ஆபீஸ் போகிறார்.

இப்படிக்கு,
அம்மா